வழி தவறினால் திரும்பி வர விடும் ரிமோட் எது?

என் பெரியம்மாவுக்கு 79 வயது. ஒரு மாலை, ஒலியைக் குறைக்கப் போன அவருடைய விரல் சற்றே விலகி ‘சோர்ஸ்’ பொத்தானை அழுத்திவிட்டது. ஓடிக்கொண்டிருந்த படம் மறைந்து, திரையில் ‘சிக்னல் இல்லை’ என்ற வரி மட்டும் நின்றது. தொலைக்காட்சியிலும் பழுதில்லை, செட்டாப் பாக்ஸிலும் பழுதில்லை. இரண்டாவது எச்டிஎம்ஐ போர்ட்டிலிருந்து படத்தை எடுக்க வேண்டிய தொலைக்காட்சி, எதுவுமே செருகப்படாத மூன்றாவது போர்ட்டுக்கு மாறியிருந்தது, அவ்வளவுதான். ஆனால் தாம் எதையோ கெடுத்துவிட்டோம் என்று எண்ணிய பெரியம்மா, யாரிடமும் சொல்லக் கூச்சப்பட்டு, மூன்று நாள் அதை அணைத்தே வைத்திருந்தார். நான் போய்ச் சரிசெய்ய அரை நிமிடம்கூட ஆகவில்லை. அந்த மூன்று நாளை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் பொறுக்கவில்லை.

அதன் பிறகு, இந்தச் சிக்கலைக் கையாள மக்கள் பின்பற்றும் ஐந்து வழிகளை ஒவ்வொன்றாக முயன்று பார்த்தேன். கருவியோடு வந்த ரிமோட்டிலேயே தேவையற்ற பொத்தான்களை மறைப்பது, சில பொத்தான்களே உள்ள ‘கற்கும் ரிமோட்’ ஒன்றை வாங்குவது, எச்டிஎம்ஐ கேபிள் வழியாகக் கருவிகளை ஒன்றோடொன்று பேசவிடுவது, குரலால் கட்டளையிடுவது, கைபேசியையே ரிமோட்டாக்குவது என்பவையே அவை. பொத்தான்களின் எண்ணிக்கையை வைத்து இவற்றை ஒப்பிடுவதே வழக்கம். எனக்கு அது போதுமான அளவுகோலாகத் தோன்றவில்லை. தவறான பொத்தானை அழுத்திவிட்ட ஒருவர், பிறர் துணையின்றிப் பழைய இடத்துக்குத் திரும்பி வர முடிகிறதா என்பதையே நான் பார்த்தேன்.

1956-இல் ஜெனித் நிறுவனம் வெளியிட்ட ‘ஸ்பேஸ் கமாண்ட்’ ரிமோட்டில் நான்கே பொத்தான்கள் இருந்தன. ராபர்ட் ஆட்லர் வடிவமைத்த அந்தக் கருவிக்கு பேட்டரியே தேவைப்படவில்லை. பொத்தானை அழுத்தினால் உள்ளிருக்கும் சிறு சுத்தி ஓர் அலுமினியத் தண்டைத் தட்டும், அதிலிருந்து எழும் மீயொலியைத் தொலைக்காட்சி கேட்டுக்கொள்ளும். அலைவரிசையை மேலே நகர்த்த ஒன்று, கீழே இறக்க ஒன்று, ஒலியை நிறுத்த ஒன்று, மின்சாரத்துக்கு ஒன்று. எதைத் தவறாக அழுத்தினாலும் விளைவு உடனே தெரிந்தது. அதே பொத்தானோ அதன் இணைப் பொத்தானோ பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிட்டது. இன்றைய ரிமோட்டில் பெருகியிருப்பது பொத்தான்கள் மட்டுமல்ல. எந்தப் போர்ட், எந்த மெனு, எந்தச் செயலி என்று கண்ணுக்குத் தெரியாத பல நிலைகள் இப்போது உள்ளே இருக்கின்றன. அவற்றுள் ஒன்றுக்குள் போய்விட்டால், போன வழியே திரும்ப முடிவதில்லை.

முதல் வழியான மறைத்தலுக்குப் புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை. ஆனால் மேலே டேப் ஒட்டுவதால் மட்டும் பயனில்லை, ஏனெனில் ரப்பர் பொத்தான் டேப்புக்கு அடியிலும் அழுந்தும். தேவையான பொத்தான்களுக்கு மட்டும் துளையிட்ட தடித்த அட்டையை ரிமோட்டின் மேல் கட்டிவிடலாம். ரிமோட்டைத் திறக்கத் தெரிந்தவர் உள்ளிருக்கும் ரப்பர் விரிப்பை எடுத்து, வேண்டாத பொத்தானின் அடியிலுள்ள கரிய வட்டத்தின் மீது சிறு டேப் துண்டை ஒட்டினால், அந்தப் பொத்தான் முற்றிலும் செயலிழக்கும். டேப்பை உரித்தால் மீண்டும் உயிர்பெறும். நான் செய்து பார்த்ததில் இது உறுதியாக வேலை செய்தது. ஆயினும் இதில் ஓர் ஆபத்தை உணர்ந்தேன். சோர்ஸ் பொத்தானைச் செயலிழக்கச் செய்தால், வழி தவறும் வாய்ப்பு குறைகிறது, ஆனால் திரும்பும் வழியும் அதோடு அடைபடுகிறது. மின்வெட்டுக்குப் பிறகு தொலைக்காட்சி தானாகவே வேறு முகப்பில் விழித்துக்கொண்டால், பெரியம்மாவின் கையில் எதுவுமே இருக்காது. ஆகவே மொழி, திரை அளவு, அமைப்புகள் போன்றவற்றை மறைக்கலாம். சோர்ஸ் பொத்தானை மறைக்கக் கூடாது என்பது என் முடிவு.

கற்கும் ரிமோட் என்பது ஆறேழு பெரிய பொத்தான்களோடு வருவது. பழைய ரிமோட்டின் மூக்கை அதன் மூக்குக்கு நேராக வைத்து, இதில் ஒரு பொத்தானையும் அதில் ஒரு பொத்தானையும் அழுத்தினால், பழையது அனுப்பும் அகச்சிவப்பு ஒளித் துடிப்புகளைப் புதியது பதிந்துகொள்ளும். தொலைக்காட்சியின் ஒலிப் பொத்தான்களையும் செட்டாப் பாக்ஸின் சேனல் பொத்தான்களையும் ஒரே கையடக்கத்தில் சேர்த்துவிடலாம் என்பதே இதன் பெரும் சிறப்பு. இரண்டு ரிமோட்டுகளில் எது எதற்கு என்ற குழப்பம் அத்தோடு தீர்கிறது. ப்ளூடூத் வழியாகப் பேசும் ரிமோட்டுகளை இதற்குக் கற்பிக்க முடியாது என்பதை வாங்கும் முன்பே அறிந்திருக்க வேண்டும். சோதிப்பது எளிது: ரிமோட்டைக் கைபேசியின் முன்பக்கக் கேமராவை நோக்கிப் பிடித்து, அதில் ஒரு பொத்தானை அழுத்துங்கள். முனையில் ஓர் ஒளி மினுங்கினால் அது அகச்சிவப்பு ரிமோட். எதுவும் தெரியாவிட்டால், பேட்டரியும் சரியாக இருந்தால், பெரும்பாலும் வேறு வகை.

இந்த வழியின் உண்மையான குறை, மின்சாரப் பொத்தானில் இருக்கிறது. பல கருவிகளில் அணைக்கவும் எழுப்பவும் ஒரே குறிதான்; அணைந்திருந்தால் எழும், எழுந்திருந்தால் அணையும். ஒரே பொத்தானால் தொலைக்காட்சியையும் செட்டாப் பாக்ஸையும் சேர்த்து எழுப்ப ஏற்பாடு செய்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். குறுக்கே யாரோ நடந்துபோனதால் குறி ஒன்றைச் சேராமல் போனால், தொலைக்காட்சி விழித்திருக்கும், செட்டாப் பாக்ஸ் உறங்கியிருக்கும். மீண்டும் அழுத்தினால் தொலைக்காட்சி அணையும், செட்டாப் பாக்ஸ் விழிக்கும். எத்தனை முறை அழுத்தினாலும் இரண்டும் இடம் மாறிக்கொண்டே இருக்குமேயன்றி ஒன்றுசேரா. அகச்சிவப்பு ஒளி ஒருவழிப் பாதை. ரிமோட் சொல்லும், ஆனால் பதில் கேட்காது. லாஜிடெக் நிறுவனத்தின் ‘ஹார்மனி’ ரிமோட்டுகள், எந்தக் கருவி எந்த நிலையில் இருக்கும் என்பதைத் தாமே நினைவில் வைத்துக் கணித்து இதைச் சமாளித்தன. கணிப்பு பிசகும் நேரத்துக்கென்றே ‘உதவி’ என்று ஒரு பொத்தான் அவற்றில் இருந்தது. அந்தப் பொத்தானை வைத்தவர்கள் பயனாளரை மதித்தவர்கள் என்றே நான் கருதுகிறேன். 2021-இல் அந்த ரிமோட்டுகளின் தயாரிப்பு நிறுத்தப்பட்டது. எளிய கற்கும் ரிமோட்டை வாங்குவோர், மின்சாரத்துக்கு இரண்டு தனிப் பொத்தான்களை ஒதுக்கி, வெவ்வேறு நிறத்தில் வில்லை ஒட்டிவிடுவதே நல்லது. ஒரு பொத்தானை மிச்சப்படுத்துவதற்காக, மீள முடியாத சுழல் ஒன்றை உண்டாக்க வேண்டியதில்லை.

மூன்றாவது வழிக்கு வருகிறேன். எச்டிஎம்ஐ கேபிள் படத்தையும் ஒலியையும் மட்டும் கடத்துவதில்லை. அதன் இணைப்பியில் 13-ஆவது ஊசி, கருவிகள் தமக்குள் கட்டளைகளைப் பரிமாறிக்கொள்வதற்காகவே ஒதுக்கப்பட்டது. இந்த ஏற்பாட்டுக்கு சிஇசி என்று பெயர். ஆனால் அமைப்புகளில் இந்தப் பெயரைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. சாம்சங் அதை எனிநெட்+ என்றும், எல்ஜி சிம்ப்லிங்க் என்றும், சோனி பிராவியா சிங்க் என்றும், பானசோனிக் வியரா லிங்க் என்றும், பிலிப்ஸ் ஈஸிலிங்க் என்றும் அழைக்கின்றன. ஒரே வசதிக்கு ஐந்து பெயர்கள் இருப்பதால், தம் வீட்டில் அது இருப்பதையே அறியாதவர்கள் மிகப் பலர். இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் நிலை, ஏனெனில் என் அளவுகோலில் மற்ற நான்கையும்விட இதுவே மேலே நிற்கிறது.

காரணம் இதுதான். இங்கே பேச்சு இருவழிப்பட்டது. செட்டாப் பாக்ஸ் விழித்தெழும்போது, ‘இப்போது படம் தருவது நான்’ என்று கேபிள் வழியாக அறிவிக்கிறது. தொலைக்காட்சி உறங்கிக்கொண்டிருந்தால் எழுந்து, சரியான போர்ட்டுக்குத் தானே மாறிக்கொள்கிறது. பெரியம்மாவுக்கு நேர்ந்தது மீண்டும் நேர்ந்தால், போர்ட் என்றால் என்ன என்று அவர் அறிந்திருக்க வேண்டியதே இல்லை. செட்டாப் பாக்ஸை ஒருமுறை அணைத்து எழுப்பினால் போதும், படம் திரும்பிவிடும். அணைத்துப் போடுவது எல்லோருக்கும் தெரிந்த ஒரே வைத்தியம். அதுவே இங்கே சரியான வைத்தியமாகவும் அமைந்துவிடுகிறது.

குறைகளையும் சொல்ல வேண்டும். சிஇசி கட்டாயமான வசதி அல்ல, ஆகவே சில செட்டாப் பாக்ஸ்களில் அது இருப்பதில்லை. இருந்தாலும் தொடக்கத்தில் முடக்கி வைக்கப்பட்டிருக்கலாம். வேறு வேறு நிறுவனங்களின் கருவிகள் ஒன்றையொன்று எப்போதும் முழுமையாகப் புரிந்துகொள்வதும் இல்லை. விளையாட்டுக் கருவி போன்ற மூன்றாவது பொருள் ஒன்று இணைக்கப்பட்டிருந்தால், அது விழிக்கும்போது திரையைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். முதியவர் தனியே பயன்படுத்தும் தொலைக்காட்சியில் ஒரே ஒரு பெட்டியை மட்டும் இணைத்து வைப்பது இதனால்தான் உத்தமம்.

குரல் கட்டளையைப் பொதுவாக நான் இரண்டாம் நிலையில்தான் வைப்பேன். பெயர் சொல்லித் தேடுவதற்கு அதைவிட விரைவான வழி இல்லை. ஆனால் சொன்னதைத் தவறாகக் கேட்டுக்கொண்டு எதையோ திறந்துவிட்டால், மீண்டு வருவதற்குப் பின்செல்லும் பொத்தானைத்தான் தேட வேண்டியிருக்கிறது. இணையம் துண்டிக்கப்பட்டால் குரலுக்குப் பெரும்பாலும் பதிலே கிடைப்பதில்லை. பார்வை மங்கியவர்களுக்கும் கை நடுக்கம் உள்ளவர்களுக்கும் கணக்கு வேறு. சிறு பொத்தான்களைக் கண்டறிவதே அவர்களுக்குப் பெரும்பாடு என்பதால், குரலையே முதலில் வைத்து மற்றவற்றைத் துணையாகக் கொள்ளலாம்.

கைபேசிச் செயலி, ரிமோட் தொலைந்த நாளுக்கான மாற்று ஏற்பாடு மட்டுமே. திரைப்பூட்டைத் திறந்து, செயலியைத் தேடி, இரண்டும் ஒரே வைஃபையில் இருப்பதை உறுதிசெய்து, பிறகு ஒலியைக் குறைப்பது எளிமையாகாது.

பெரியம்மாவின் தொலைக்காட்சியில் சிஇசியை இயக்கிவிட்டு, தேவையற்ற பொத்தான்களை அட்டையால் மறைத்து, ‘படம் வராவிட்டால் செட்டாப் பாக்ஸை அணைத்துப் போடவும்’ என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினேன். பிறகு, வேண்டுமென்றே சோர்ஸ் பொத்தானை அழுத்துமாறு அவரிடம் சொன்னேன். முதலில் மறுத்தார், மீண்டும் கெட்டுவிடும் என்று அஞ்சினார். நான் வற்புறுத்தவே அழுத்தினார். ‘சிக்னல் இல்லை’ என்ற வரி தோன்றியதும் என் முகத்தைப் பார்த்தார். நான் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன். சிறிது நேரத்தில் கூடத்திலிருந்து தொலைக்காட்சியின் ஒலி கேட்டது. திரும்பி வந்து பார்த்தபோது, அவர் மறுபடியும் சோர்ஸ் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தார்.