பத்துமலையா, புக்கிட் தாபூரா?

கோலாலம்பூர் பக்கம் இந்த இரண்டு மலைகளில் எதில் ஏறலாம்? குகைதான் வேண்டுமென்றால் யோசிக்காமல் பத்துமலை, முருகன் குகைக்கோயில். மொத்தம் 272 படி, 2018இல் வண்ணம் பூசியவை. நின்று நின்று ஏறினாலும் கால் மணி நேரத்தில் மேலே போய்விடலாம். கையில் பிளாஸ்டிக் பை மட்டும் வேண்டாம்; போன தடவை என் அர்ச்சனை வாழைப்பழம் குரங்கோடு போய்விட்டது.

மலை விளிம்பில் நின்று பார்க்க ஆசையா? அப்போது புக்கிட் தாபூர். படிக்கட்டெல்லாம் கிடையாது, கூரான குவார்ட்ஸ் பாறை. பிடித்து ஏறினால் உள்ளங்கை சிராய்க்கும். ஒருபக்கம் கிள்ளான் கேட்ஸ் அணைத் தண்ணீர், மறுபக்கம் காலைப் பனியில் நகரம். அந்தக் காட்சிக்குப் பத்துமலை ஈடாகாது, உண்மை. ஆனால் தவறி விழுந்து இறந்தவர்கள் உண்டு. வனத்துறை அனுமதி இல்லாமல் ஏறவும் கூடாது. மழை பெய்த மறுநாள் நான் அந்தப் பக்கமே போகமாட்டேன்.

அம்மாவும் வருகிறார் என்றால் பத்துமலைதான். இறங்கியதும் வாழையிலைச் சாப்பாடு வேறு இருக்கிறது.