புது தோட்டான்னு சொல்லி ரீலோட் சரக்கைத் தலையில கட்டுறாய்ங்க, 315 வச்சிருக்கவங்க பாத்துக்கங்க

மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கம் 315 ரைபிளுக்கு லைசென்ஸ் வச்சிருக்க எல்லாரும் இதைக் கொஞ்சம் பொறுமையா படிங்க. லைசென்ஸ் உள்ள கடையில, பில்லு போட்டு, லைசென்ஸ் புக்குல என்ட்ரியும் போட்டு வாங்குன தோட்டாவே டூப்ளிகேட். வேற கம்பெனி சரக்குன்னு நினைச்சுராதீங்க, யாரோ சுட்டுப் போட்ட காலி கேஸை (பித்தளைக் கூடு) எடுத்து, அடியில தீப்பொறி குடுக்குற பிரைமரைப் புதுசா குத்தி, என்னன்னே தெரியாத வெடிமருந்தை ரொப்பி, குண்டைச் சொருகி, பாலிஷ் போட்டு புதுசுன்னு வித்திருக்காய்ங்க. கடை பேரு இங்க போடல, புகார் கலெக்டர் ஆபீஸ்ல இருக்கு.

எங்களுக்கு உசிலம்பட்டி பக்கம் தோட்டம். தாத்தா காலத்து இஷாப்பூர் (அரசாங்க துப்பாக்கி ஃபேக்டரி) 315, அப்பா பேருக்கு வந்து இப்ப என் பேர்ல இருக்கு. எலக்‌ஷனுக்கு ஸ்டேஷன்ல ஒப்படைச்சிருந்த துப்பாக்கி திரும்பி வந்ததும் தோட்டா வாங்கப் போனேன். கடைக்காரர் "புது ஸ்டாக் தம்பி, இப்பத்தான் இறங்குச்சு"ன்னு பாலிதீன் கவர்ல எண்ணிக் குடுத்தாரு. பெட்டி எங்கண்ணேன்னு கேட்டதுக்கு "பெட்டியப் பிரிச்சு நாலு பேருக்கு குடுத்தாச்சு, பெட்டியவா சுடப் போற?"ன்னு ஒரு சிரிப்பு. அடியில ஃபேக்டரி முத்திரை தெளிவா இருந்துச்சு, பித்தளை தகதகன்னு மின்னுச்சு.

அனுமதி உள்ள ரேஞ்சுல போய் சுட்டுப் பாத்தப்பதான் விஷயமே வெளிய வந்துச்சு. ஒண்ணு நல்லா வெடிச்சுச்சு, அடுத்தது சத்தமே சரியில்ல, அமுங்குன மாதிரி ஒரு வேட்டு. பக்கத்துல நின்ன பெரியவர் உடனே "நிறுத்துப்பா, அடுத்தத ஏத்தாத"ன்னு கத்தி, போல்ட்டை (தோட்டாவைப் பின்னாடி இருந்து பூட்டுற தண்டு) கழட்டச் சொல்லி, குண்டு பேரல்லயே சிக்கியிருக்கான்னு வெளிச்சம் வச்சு பாத்தாரு. நல்லவேளை வெளிய போயிருந்துச்சு. உள்ள சிக்கியிருந்து நான் பின்னாடியே இன்னொண்ண சுட்டிருந்தா பேரல் வெடிச்சு கையி போயிருக்கும். அதுக்கப்புறம் ஒண்ணு அதுக்கு நேர் எதிரா, தோள்ல ஓங்கி ஒரு உதை, போல்ட்டைத் தூக்கவே முடியல, உள்ளங்கையால தட்டித்தான் திறந்தோம். வெளிய வந்த கேஸ்ல பிரைமர் ஓரமெல்லாம் கரி, விளிம்புக்குக் கொஞ்சம் மேல கேஸைச் சுத்தி மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பு. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா அடிப்பாகம் தனியா, மேல்பாகம் சேம்பருக்குள்ள (தோட்டா உக்கார்ற குழி) தனியான்னு பிஞ்சிருக்கும், சூடான வெடிப்புகை அப்படியே பின்னாடி கண்ணைப் பாத்து வரும்.

மிச்சத் தோட்டாவையும் அந்தக் காலி கேஸையும் எடுத்துக்கிட்டு தெற்கு ஆவணி மூல வீதியில நகை வேலை பாக்குற நம்ம ஆசாரி அண்ணன்கிட்ட போனேன், அவரு கண்ணுல மாட்டுற லென்ஸும் தராசும் வேற எங்க கிடைக்கும். லென்ஸை வச்சு பாத்துட்டு "ஏண்டா, இது புதுசுங்கிறே, விளிம்புல இவ்வளவு கீறல் இருக்கு"ன்னாரு. நானும் வாங்கிப் பாத்தேன். சுட்ட கேஸை வெளிய இழுக்குற கொக்கி கடிச்ச தடம் அது, ஒருதடவையும் துப்பாக்கிக்குள்ள போகாத தோட்டாவுல அது எப்படி வரும்? பிரைமர் புத்தம்புதுசு, அது உக்காந்திருக்க குழியோட ஓரம் நசுங்கிப் போயிருக்கு. கழுத்து நீளம் ஒண்ணு போல ஒண்ணு இல்ல. தராசுல வச்சா ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் அரை கிராமுக்கு மேல வித்தியாசம், ஒரே ஃபேக்டரி பெட்டியில வந்த சரக்குன்னா இவ்வளவு வராது.

டெக்சாஸ்ல இருக்க எங்க பெரியப்பா பையனுக்கு அங்கயே இருந்து வீடியோ கால் போட்டேன். அவருக்கு இதுதான் ஹாபி. அங்க சொந்த உபயோகத்துக்கு வீட்டுலயே தோட்டா ரொப்பிக்கிறதுக்கு ஃபெடரல் லைசென்ஸ் தேவையில்ல, ரொப்பி விக்கிறதுன்னாதான் வேணும். அண்ணன் சொன்னாரு, "ஒரு ஊக்கை நிமுத்தி நுனிய லேசா வளைச்சு, காலி கேஸுக்குள்ள விட்டு அடிப்பக்கம் சுவர்ல தடவிப் பாரு." ஆசாரி அண்ணன்தான் தடவுனாரு. விளிம்புக்கு மேல ஒரு இடத்துல கம்பி நின்னு சிக்குச்சு. உள்ள பள்ளம் விழுந்திருக்கு, பித்தளை இழுபட்டு இழுபட்டு மெலிஞ்சிருக்குன்னு அர்த்தமாம். இதுல நம்ம ரைபிளுக்கு கூடுதல் ஆபத்து. பட்டாளத்துக்காரங்க 303 தோட்டா பொதுமக்களுக்குக் கிடையாதுங்கிற விதியாலதான் வெள்ளக்காரன் காலத்துல 315 இங்க பரவுச்சு, ஆனா தோட்டாவை ஏத்திப் பூட்டுற ஆக்‌ஷன் அந்த 303 ரைபிளோட அதே லீ என்ஃபீல்டு ஆக்‌ஷன். போல்ட்டோட பூட்டு பின்னாடி இருக்கறதால ஒவ்வொரு வேட்டுக்கும் கேஸ் கூடுதலா இழுபடும், அதனால கேஸ் சீக்கிரமே செத்துரும். ஆசாரி அண்ணனுக்கு இதெல்லாம் விளக்கவே தேவையில்ல, "பித்தளைய வேலை வாங்க வாங்க இறுகிப்போகும்டா, அப்பப்ப சூடு காட்டி இளக்கலேன்னா வெடிக்கத்தான் செய்யும்"னு அவரே சொல்லிட்டாரு.

ரீலோட் பண்றதே தப்புன்னு நான் சொல்லல, செய்றவன் எப்படி செய்றான்னு பாருங்க. டெக்சாஸ் அண்ணன் வச்சிருக்கது 30-06 ஆக்லி இம்ப்ரூவ்டு, ஃபேக்டரி ஸ்டாண்டர்ட் இல்லாத தோட்டா, இந்த மாதிரி வகைக்கு வைல்ட்கேட்னு பேரு. இப்ப கடையில விக்கிற 22-250, 25-06 எல்லாம் ஒரு காலத்துல இப்படி ஆளுக வீட்டுல உருவாக்குனதுதான், ரெமிங்டன் கம்பெனி 1965லயும் 1969லயும் அதுகளை ஃபேக்டரி தோட்டாவா கொண்டு வந்துச்சு. அண்ணன் சாதாரண 30-06 தோட்டாவைத் தன்னோட சேம்பர்ல சுடுவாரு, அந்த வேட்டுலயே கேஸ் விரிஞ்சு சேம்பர் வடிவத்துக்கு வந்துரும். அப்புறம் ஒவ்வொண்ணையும் அளந்து, நீளத்தை வெட்டி, கழுத்துக்கு சூடு காட்டி, எத்தனை தடவை சுட்டதுன்னு நோட்டுல எழுதி வச்சிருக்காரு. மருந்தைக் குறைஞ்ச அளவுல ஆரம்பிச்சு துளித்துளியா ஏத்தி, ஒவ்வொரு படியிலயும் குண்டு வேகத்தை மெஷின்ல அளந்து, பிரைமர் தட்டையாகுதா, போல்ட் இறுகுதான்னு பாத்து, முதல் அறிகுறி தெரிஞ்சதுமே இறங்கிருவாரு. அந்த அளவும் அவரோட அந்த ஒரு ரைபிளுக்கு மட்டும்தான். இவ்வளவு பாக்குற மனுஷனே "அடுத்தவன் ரொப்புனதை என் துப்பாக்கில போடவே மாட்டேன்டா"ங்கிறாரு. இங்க என்ன மருந்து, எவ்வளவு, யாரு ரொப்புனா, ஒண்ணுமே தெரியாம என் மூஞ்சிக்கு முன்னாடி வெடிக்க விட்டிருக்காய்ங்க. வேகமா எரியுற 12 போர் (ஷாட்கன்) மருந்தை ரைபிள் கேஸ்ல போட்டா அழுத்தம் எங்க போய் நிக்கும்னு அண்ணன் சொன்னதக் கேட்டு அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல.

கடையில போய் கேட்டா முதல்ல "உங்க தாத்தா துப்பாக்கில கோளாறு"ன்னாரு. லைசென்ஸ் உள்ள ரிப்பேர்காரர்கிட்ட காட்டி, வேற கடையில ஒட்டுப் பிரிக்காத பெட்டி வாங்கி, அதே ரைபிள்ல சுட்டு, ஒரு குறையும் இல்லேன்னு திரும்பப் போனேன். அப்ப பேச்சு மாறி "யாரோ குடுத்த சரக்கு, எனக்கே தெரியாது, மாத்தித் தர்றேன், வெளிய சொல்லாத தம்பி"ன்னு வந்துச்சு. மாத்தித் தரவா நான் போனேன்? அதே கவர்ல இன்னும் எத்தனை பேருக்குக் குடுத்தீங்கன்னு கேட்டேன், பதில் இல்ல. ஆயுதச் சட்டம் 1959, பிரிவு 5 படி லைசென்ஸ் இல்லாம தோட்டா தயாரிக்கக் கூடாது, 2019 திருத்தத்துக்கு அப்புறம் இதுக்குக் குறைஞ்சது 7 வருஷம், ஆயுள் வரைக்கும் போகலாம். இதுல என் வயித்தெரிச்சல் என்னன்னா, இந்தக் குப்பையும் என் லைசென்ஸ்ல ஏறி வருஷத்துக்கு இவ்வளவுதான் வாங்கலாம்ங்கிற அளவுல கழிஞ்சுபோச்சு.

திங்கக்கிழமை குறைதீர் கூட்டத்துல மனு குடுத்து, மிச்சத் தோட்டாவை ஸ்டேஷன்ல ஒப்படைச்சு ரசீது வாங்கிட்டேன். யாருகிட்டயாவது இந்த மாதிரி லூஸ்ல வாங்குனது இருந்தா விளிம்பு கீறலையும் பிரைமர் குழியையும் லென்ஸ்ல பாருங்க, சந்தேகம்னா சுடாதீங்க, குண்டைப் பிடுங்கி உள்ள என்ன இருக்குன்னு வீட்டுல பிரிக்கவும் வேண்டாம், அப்படியே ஸ்டேஷனுக்குக் கொண்டு போங்க. பில்லைத் தூக்கிப் போட்டுறாதீங்க, நுகர்வோர் ஆணையத்துல 2 வருஷத்துக்குள்ள வழக்கு போடலாம், 5 லட்சம் வரைக்குமான பொருளுக்கு ஃபீஸும் கிடையாது, 1915க்கு போன் பண்ணா வழி சொல்லுவாங்க. நானும் அங்க போடப் போறேன், வக்கீல் பேப்பர் ரெடி பண்ணிக்கிட்டு இருக்காரு. இதே மாதிரி மாட்டுனவங்க யாராச்சும் இருந்தா பில்லு தேதியோட எனக்கு எழுதுங்க, எல்லாத்தையும் சேத்துக் குடுத்தா கடைக்காரரோட ஸ்டாக் ரிஜிஸ்டரைப் பிரிச்சு மேய வைக்கலாம்.