ஆடிக்காற்றில் ரடர் அடிபட்டது, பெயிண்ட் அடித்து மறைத்துவிட்டார்கள்

கொங்குப் பகுதியில் திறந்தவெளியில் சிறிய விமானத்தை நிறுத்தி வைத்திருப்பவர்கள் இதைத் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள்.

நானும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து ஒரு செஸ்னா 172 வைத்திருக்கிறோம். ஹேங்கரில், அதாவது விமானக் கொட்டகையில், இடம் கிடைக்காததால் ஓர் ஓடுதளத்தின் ஓரத்தில் நிறுத்தி, பார்த்துக்கொள்ள ஒரு ஏஜென்ட்டிடம் ஒப்படைத்தோம். முன்பணமும் கொடுத்தோம், மாதக் கட்டணமும் தேதி தவறாமல் கட்டினோம். என்னென்ன செய்ய வேண்டும் என்று எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தோம். மூக்கை மேற்கே பார்த்து நிறுத்த வேண்டும். இரண்டு இறக்கையிலும் வாலிலும் கயிறு கட்ட வேண்டும். ரடர் என்பது வாலில் நிமிர்ந்து நிற்கும், விமானத்தை இடவலமாகத் திருப்பும் பலகை. அதுவும் மற்ற அசையும் பாகங்களும் காற்றில் ஆடாமலிருக்க உள்ளே கன்ட்ரோல் லாக், வெளியே ரடர் லாக் போட வேண்டும். தினமும் போட்டோ அனுப்ப வேண்டும். ரடர் லாக்கை நாங்களே வாங்கிக் கொடுத்தோம்.

மேற்கே பார்த்து என்று எழுதியதற்குக் காரணம் இந்த ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் ஒரு பெரிய இடைவெளி. தென்மேற்குப் பருவக்காற்று அதற்குள் நெருக்கியடித்து நுழைந்து பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் என்று பாய்கிறது. அங்கெல்லாம் இத்தனை காற்றாலைகள் நிற்பது அதனால்தான். விமானத்தின் ரடர், மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டர், இறக்கையைச் சாய்க்கும் எய்லரான் எல்லாம் முன்னாலிருந்து வரும் காற்றுக்காகச் செய்தவை. பின்னாலிருந்து காற்று அடித்தால், கொக்கி போடாத கதவைப் போல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் மோதும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் விசை நான்கு மடங்காகும். அந்த அடியைக் கீல்களும் கேபிள்களும் ரடரைத் தடுத்து நிறுத்தும் ஸ்டாப்பும்தான் வாங்க வேண்டும்.

செஸ்னா 172 ஓட்டுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விமானத்தோடு வரும் கன்ட்ரோல் லாக் என்பது ஸ்டீயரிங் தண்டில் செருகும் ஒரு கம்பி. அது எய்லரானையும் எலிவேட்டரையும்தான் பிடிக்கும், ரடரைப் பிடிக்காது. ரடர் பெடலிலிருந்து முன்சக்கரத்துக்கு ஸ்பிரிங் வழியாக இணைப்பு இருப்பதால் ரடர் தானே நின்றுவிடும் என்று சிலர் சொல்வார்கள். பலத்த காற்றுக்கு அது போதாது. மெத்தை வைத்த இரண்டு பலகைகளை வாலின் அசையாத பகுதியையும் ரடரையும் சேர்த்துக் கவ்வுகிற மாதிரி வெளியே மாட்ட வேண்டும்.

எங்களுக்குப் போட்டோ தினமும் வந்தது. எல்லாம் ஒழுங்காக இருந்தது. ஆடி மாதம், வீட்டில் ஜன்னலைத் திறக்க முடியாத அளவு காற்று. அன்று வந்த படத்தில் ரடர் லாக்கின் சிவப்பு ரிப்பன் அசையாமல் நேராகத் தொங்கிக்கொண்டிருந்தது. சந்தேகம் வந்து பழைய படங்களை எடுத்துப் பார்த்தேன். ஒரே நேரத்தில் கோணம் மாற்றி எடுத்து வைத்துக்கொண்ட படங்களைத்தான் மாற்றி மாற்றி அனுப்பியிருக்கிறார்கள்.

சொல்லாமல் நேரில் போனோம். பக்கத்தில் வேறு வண்டி நிறுத்த வசதியாக விமானத்தைக் கிழக்கே திருப்பி வைத்திருந்தார்கள். காற்று நேராக வாலில் அடித்துக்கொண்டிருந்தது. வாலில் கயிறே இல்லை. இறக்கைக் கயிறு நைலான் இல்லை, ஏதோ சாக்கு கட்டும் கயிறு. ரடர் லாக் ஸ்டோர் ரூமில் கிடந்தது.

இதுவரை நடந்தது அலட்சியம். இதோடு போயிருந்தால் கோபத்தோடு பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். ஆனால் ரடரின் அடிப்பகுதியில் பெயிண்ட் மட்டும் புதிதாக மின்னியது. கேட்டதற்கு அந்த ஏஜென்ட், “காத்துல கொஞ்சம் உரசிருச்சுங்கண்ணா, பசங்கள விட்டு டச்சப் பண்ணிட்டேனுங்க, ஒண்ணும் ஆகலீங்க” என்றார்.

உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியாளரை அழைத்துவந்து திறந்து பார்த்தோம். ஸ்டாப் வளைந்திருந்தது. கீழ்க்கீல் பிராக்கெட்டில் விரிசல். நசுங்கிய தகட்டைத் தட்டி நிமிர்த்தி, அதன்மேல் பட்டி வைத்துப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். ரடர் போன்ற பாகங்களில் இஷ்டத்துக்குப் பட்டியும் பெயிண்டும் ஏற்றக் கூடாது. எடை கூடினால் சமநிலை கெடும், பறக்கும்போது படபடவென்று அதிர ஆரம்பித்து வாலையே பிய்த்துவிடலாம். அடுத்த வாரம் என் நண்பரின் மகள் அதில் பறப்பதாக இருந்தது. அதை அந்த மனிதருக்கும் சொல்லியிருந்தோம். தெரிந்தேதான் மறைத்தார். இதை எழுதும்போதும் எனக்குக் கை நடுங்குகிறது.

செலவு லட்சக்கணக்கில் போய்விட்டது. முன்பணம் இன்னும் வரவில்லை. வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறோம்.

நீங்கள் யாரிடமாவது விமானத்தை விடுவதாக இருந்தால் போட்டோவை நம்பாதீர்கள், காற்று தெரிகிற மாதிரி வீடியோ கேளுங்கள், அதில் அன்றைய செய்தித்தாளும் தெரியட்டும். நைலான் கயிறுதான் என்று எழுதி வாங்குங்கள். நார்க்கயிறு மழையில் நனைந்தால் சுருங்கி இறக்கையை இழுக்கும். கோடை மழைக்கு முன் வரும் காற்றுக்குத் திசை கிடையாது, சித்திரையில் லாக் போடாவிட்டாலும் ஆபத்துதான். பெரிய விமானமோ ஹெலிகாப்டரோ பக்கத்தில் இயங்கினாலும் அதே அடி விழும்.

லாக்கில் நீளமான சிவப்பு ரிப்பன் கட்டாயம் இருக்க வேண்டும், பறப்பதற்கு முன் கழற்ற மறந்தால் அதுவே ஆளைக் கொல்லும். 1935 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவின் ரைட் ஃபீல்டில் போயிங் 299 என்ற விமானம் விழுந்தது லாக்கை எடுக்காமல் கிளம்பியதால்தான். விமானிகள் செக்லிஸ்ட் படிக்கும் வழக்கம் வேரூன்றியதே அந்த விபத்துக்குப் பிறகுதான்.

அந்த இடத்தில் எங்கள் விமானம் மட்டும் நிற்கவில்லை, வேறு சிலவும் நின்றன. அவற்றிலும் புதுப் பெயிண்ட் இருக்கிறதா என்று என்னைப் பார்க்க விடவில்லை. இந்த ஆனி, ஆடியில் கொங்குப் பக்கம் வெளியாளிடம் விமானத்தை விட்டிருந்தவர்கள், ரடர் கீலையும் ஸ்டாப்பையும் பொறியாளர் திறந்து பார்க்கும் வரை அதை எடுத்துப் பறக்காதீர்கள். ஏஜென்ட்டின் பெயர் வேண்டுமானால் தனியாகக் கேளுங்கள், சொல்கிறேன்.