எல்லாம் எடுத்தாச்சு என்ற விளையில் மறுபடி காசு: மெட்டல் டிடெக்டருடன் சில வருடங்கள்

“அங்கே எல்லாம் எடுத்தாச்சு, இனி ஒண்ணும் கிடைக்காது” என்று யாராவது ஓர் இடத்தைப் பற்றிச் சொன்னால் எனக்கு அங்கேதான் போகத் தோன்றும். சில வருடங்களாக மெட்டல் டிடெக்டர் வைத்துப் பழைய காசு தேடுகிறேன். எனக்குக் கிடைத்தவற்றில் நல்லவை பலவும் ஏற்கெனவே ஒரு தடவை தேடி முடித்த மண்ணிலிருந்து வந்தவை. அது ஏன், எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கருவி நோக்டா சிம்ப்ளெக்ஸ் பிளஸ். துபாயிலிருந்து லீவுக்கு வந்த மச்சான் கொண்டுவந்தது. 12 கிலோஹெர்ட்ஸ் ஒற்றை அலைவரிசை, 11 இஞ்ச் டிடி காயில் (மண்ணுக்கு மேலே ஓட்டும் தட்டு போன்ற கம்பிச்சுருள் தலை), எடை 1.3 கிலோ. தண்ணீர் புகாது என்பது நம் ஊருக்குப் பெரிய வசதி, திடீரென்று மழை பிடித்தாலும் பதற வேண்டாம். பேட்டரி உள்ளேயே இருக்கிறது, சார்ஜ் போட்டால் போதும். பின்னால் ஒரு சிறிய நீள்வட்டக் காயிலும் ஒரு பின்பாயிண்டரும் (குழிக்குள் காசு இருக்கும் இடத்தைக் காட்டும் சின்னக் கைக்கருவி) வாங்கினேன். உண்மையில் என் தேடலை மாற்றியது அந்தச் சின்னக் காயில்தான்.

தேடும் இடம் கன்னியாகுமரி மாவட்டத்தில் திங்கள்சந்தைப் பக்கம், பெரியப்பாவின் தென்னை விளை, அதாவது தோப்பு. அதன் ஓரமாக ஒரு பழைய வண்டித்தடம் போகிறது, அதில் ஒரு சுமைதாங்கிக் கல்லும் இருக்கிறது. அந்தக் காலத்தில் சந்தைக்குத் தலைச்சுமடாகக் கொண்டுபோனவர்கள் சுமட்டை இறக்கி, இடுப்பு மடியை அவிழ்த்து வெற்றிலை போட்டுவிட்டுப் போன இடம். காசு விழ இதைவிட நல்ல இடம் கிடையாது. எனக்கு முன்னால் பெரியப்பா மகன் ஒரு விலை குறைந்த கருவியால் அங்கே முழுக்கத் தேடியிருந்தான். நானும் பெரிய காயிலை வைத்து ஒரு சீசன் தேடினேன். ஜார்ஜ் மன்னர் தலை போட்ட கால் அணாக்கள், 1943 முதல் வந்த ஓட்டைப் பைசா, 1957 முதல் வந்த நயா பைசா என்று வந்தது. அப்புறம் சத்தமே இல்லை.

ஏன் இல்லை? காரணம் ஆணி. பக்கத்தில் இருந்த பழைய ஓட்டு வீட்டைப் பிரித்தபோது உதிர்ந்த ஆணி, கொண்டி, கீல் எல்லாம் மண்ணோடு கலந்து கிடக்கின்றன. இரும்பை ஒதுக்கும் செட்டிங்கில் கருவி போகும்போது, ஆணியும் காசும் ஒரே நேரத்தில் காயிலுக்கு அடியில் வந்தால் அது ஆணியின் பேச்சைக் கேட்டு வாயை மூடிக்கொள்ளும். காசு அங்கேயேதான் கிடக்கும், நமக்குத் தெரியாது.

இதை வீட்டு முற்றத்தில் யாரும் சோதித்துப் பார்க்கலாம். ஒரு பழைய செப்புக்காசை மண்ணில் வையுங்கள். மேலே காயிலை ஓட்டினால் தெளிவான மணிச்சத்தம் வரும். இப்போது அதன் பக்கத்தில், இரண்டு விரல் தள்ளி, துருப்பிடித்த ஆணி ஒன்றை வையுங்கள். பெரிய காயிலில் மணிச்சத்தம் உடைந்து ‘டிக்’ என்று ஒரு வெட்டு மட்டும் மிஞ்சும், சில சமயம் அதுவும் இராது. சின்னக் காயிலை மாட்டி மெதுவாக ஓட்டினால், ஆணியும் காசும் வரிசையாக வரும் திசையில் இரண்டும் தனித்தனியாகக் கேட்கும். அப்படியே கால் வட்டம் சுற்றி நின்று, இரண்டின் மேலும் ஒரே சமயத்தில் காயில் போகிற மாதிரி ஓட்டினால் மறுபடி குழம்பிவிடும். டிடி காயில் உணர்வது நடுவில் முன்னும் பின்னுமாக ஓடும் ஒரு மெல்லிய பட்டையில்தான் என்பதால் இப்படி. ஆக, ஒரு விளையை வடக்கு தெற்காக மட்டும் தேடியிருந்தால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. கிழக்கு மேற்காக இன்னொரு தடவை போக வேண்டும்.

நான் இப்போது எந்த உலோகத்தையும் ஒதுக்காத ஆல் மெட்டல் செட்டிங்கில்தான் ஓட்டுகிறேன். இரும்புச் சத்தத்தை அடியோடு அணைக்காமல் தாழ்த்தி மட்டும் வைக்கிறேன். சென்சிட்டிவிட்டியை ஒரு படி குறைத்தால் ஆழம் கொஞ்சம் போகும், ஆனால் சலசலப்பு அடங்கி, நடுவில் வரும் ஒரு சின்ன ‘டிங்’ காதில் விழும். ஆணிக் காட்டில் எனக்கு ஆழத்தைவிட அந்த டிங்தான் வேண்டும். வேகம் ரொம்ப முக்கியம். மெதுவாகப் போக வேண்டும். ஒரு தென்னையின் அடியைச் சுற்றி ஒரு மணி நேரம் நிற்கலாம், தப்பே இல்லை.

அப்படித்தான் வெள்ளிச் சக்கரம் வந்தது. தெரியாதவர்களுக்காக: நம் மாவட்டம் 1956 நவம்பர் 1-க்கு முன் தமிழ்நாட்டோடு இல்லை. திருவிதாங்கூர் காலத்தில் இங்கே ஓடியது 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய் என்ற கணக்கு. கம்பெனி ரூபாய்க்கு, அதாவது பிரிட்டிஷ் இந்திய ரூபாய்க்கு, இருபத்தெட்டரைச் சக்கரம். அந்த வெள்ளிச் சக்கரம் சட்டைப் பித்தானில் பாதிகூட இராது, எடை அரை கிராமுக்கும் கீழே. கையால் எண்ண முடியாது என்று குழி போட்ட பலகையில் கொட்டி எண்ணியிருக்கிறார்கள். அடியில் கிடப்பது என்ன உலோகம் என்று ஊகிக்கக் கருவி திரையில் ஓர் எண் காட்டும். வெள்ளி என்றால் பெரிய எண் காட்டும் என்று காணொளிகளில் சொல்வது பெரிய காசுக்குப் பொருந்தும். இவ்வளவு சின்னது, பான்மசாலா உறையின் ஜிகினாத் தாள் காட்டும் எண்ணுக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. முதல் சுற்றில் எல்லோரும் குப்பை என்று தாண்டிப் போவது அதைத்தான். ஆகவே சுமைதாங்கியைச் சுற்றிச் சில கஜ தூரத்துக்குத் தாழ்ந்த எண்ணையும் விடாமல் தோண்டுகிறேன். சோடா மூடியும் தாளும் நிறைய வரும்தான். நடுவில் விரலில் ஒட்டிய செம்மண்ணைத் தேய்க்கும்போது வெள்ளை மினுங்கினால் எல்லாம் ஈடாகிவிடும். சங்கு முத்திரை போட்ட செப்புக்காசுகளும் அதே இடத்தில் வந்தன. ஆண்டு போட்ட காசானால் அது கொல்லம் ஆண்டு. 1114 என்று இருந்தால் 1938-39.

மழையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நமக்குத் தென்மேற்கும் உண்டு, வடகிழக்கும் உண்டு. மண் நன்றாக ஊறி நிற்கும் நாட்களில், காய்ந்தபோது பேசாத இடம் பேசுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். தென்னையைச் சுற்றித் தடம் (வட்டக் குழி) வெட்டினாலோ, மரச்சீனி (மரவள்ளி) பிடுங்கினாலோ, உடனே போய்விட வேண்டும். அடியில் கிடந்தது மேலே வந்திருக்கும். செங்குத்தாக நின்ற காசு படுத்திருக்கும். படுத்த காசுதான் காயிலுக்கு நன்றாகத் தெரியும்.

கடற்கரைக்கு இந்தக் கருவியை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கருமணலில் இல்மனைட் என்ற இரும்பு கலந்த தாது இருக்கிறது, அதோடு உப்புத் தண்ணீரும் சேர்ந்தால் ஒற்றை அலைவரிசைக் கருவி எதுவானாலும் ஓயாமல் பேசும். கிரவுண்ட் பேலன்ஸ் (மண்ணின் தாதுச் சத்தத்தை ஒதுக்கும் சரிசெய்தல்) போட்டுப் பத்தடி நடந்தால் மணல் மாறிவிடும். அங்கே பல அலைவரிசைக் கருவிதான் சரி.

கிடைத்த காசைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள், தயவுசெய்து. குத்துவிளக்கு இல்லை அது. பச்சை படிந்த தோலோடு சேர்த்து எழுத்தும் போய்விடும். வெறும் தண்ணீரில் ஊறப்போட்டு மண்ணை மட்டும் கழற்றினால் போதும்.

சட்டத்தை லேசாக எடுக்க வேண்டாம். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்து கிடைத்த பொருள் 10 ரூபாய் மதிப்பைத் தாண்டினால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இன்றைய விலையில் ஒரு வெள்ளிச் சக்கரமே அதைத் தாண்டும். என்ன பொருள், எங்கே, எந்தத் தேதியில் என்று நான் எழுதிக் கொடுத்துவிடுகிறேன். பத்மநாபபுரம் அரண்மனை, உதயகிரிக் கோட்டை, வட்டக்கோட்டை, கோயில் வளாகம், இந்தப் பக்கமெல்லாம் கருவியை வண்டியிலிருந்து இறக்குவதே இல்லை. அங்கே ஒரு காசு எந்த அடுக்கில் கிடந்தது என்பதும் வரலாறு. அதைக் கலைக்க எனக்கு உரிமை கிடையாது. தனியார் நிலத்திலும் உடையவரிடம் கேட்டுத்தான் இறங்குவேன், தோண்டிய குழியை மூடி மிதித்துவிட்டுத்தான் கிளம்புவேன்.

புதுக் கருவி வாங்க யோசிப்பவர்களுக்கு: கையில் இருப்பது ஓரளவு நல்லதென்றால் அந்தக் காசில் முதலில் சின்னக் காயில் வாங்குங்கள், அடுத்து பின்பாயிண்டர். அப்புறம் நீங்கள் தேடி முடித்த பழைய இடத்துக்கே திரும்பப் போய்ப் பாருங்கள். நான் அடுத்ததாகக் குலசேகரத்தில் உறவினர் ஒருவரின் ரப்பர்த் தோட்டத்தைப் பார்த்து வைத்திருக்கிறேன். பழைய மரங்களை வெட்டி அடிவேரைப் பிடுங்கப் போகிறார்களாம். புதுக் கன்றுக்குக் குழி மூடும் முன்னால் அங்கே இறங்க அனுமதி வாங்கியாயிற்று.