தஞ்சாவூரில் இரண்டு நாள் தலைமைப் பயிற்சி: 4,500 ரூபாய்க்குத் தகுமா?

நீடாமங்கலம் பக்கம் எங்களுக்கு ஒரு ரைஸ் மில். நெல் அவிக்கிறது, டிரையர், அரவை எல்லாம் உண்டு. ஆள் 26 பேர். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த பிறகு மூன்று வருடமாக நான்தான் பார்க்கிறேன். பாய்லர் மாமா இன்னும் என்னை "பாப்பா" என்றுதான் கூப்பிடுவார். மூட்டை தூக்குகிற பையன்களுக்கு "அக்கா". பேங்கில் மட்டும் "மேடம்". ஒரே நாளில் மூன்று ஆளாக மாறிப் பேசிக்கொண்டிருப்பவளுக்கு, "உங்கள் நிறுவனத்துக்கு ஏற்ற தலைமைப் பாணியைத் தேர்ந்தெடுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு நோட்டீஸ் வந்தால் சும்மா இருக்க முடியுமா? பணத்தைக் கட்டிவிட்டேன்.

நடத்தியவர்கள் பெயரைப் போடவில்லை. குறையும் சொல்லப் போகிறேன், அவர்களும் பிழைக்க வேண்டும்.

முதல் குறை தேதியிலேயே. அக்டோபர் முதல் வாரம், சனி ஞாயிறு. குறுவை நெல் லாரி லாரியாக வந்து நிற்கிற நேரம். டெல்டாவில் பயிற்சி வைக்கிறவர்கள் ஒரு தடவை இங்கே எப்போது அறுப்பு என்று விசாரித்திருக்கலாம். ஹாலில் இருந்த 32 பேரில் மில்காரர்கள் நான்கு பேர்தான். நாங்கள் நாலு பேரும் பாதி நேரம் போனோடு வராந்தாவில் நின்றோம்.

முதல் நாள் காலை ஒரு கேள்வித்தாள் கொடுத்தார்கள். 40 கேள்வி, எல்லாம் ஆங்கிலம். மார்க்கைக் கூட்டினால் நாம் எந்த வகைத் தலைவர் என்று தெரியுமாம். எனக்கு "ஜனநாயகத் தலைவர்" என்று வந்தது. வலது பக்கம் உட்கார்ந்திருந்த ஜவுளிக் கடைக்காரருக்கும் அதுவே. இடது பக்கம் ஒரு ஸ்கூல் கரஸ்பாண்டன்ட், அவருக்கும் அதுவே. ஏசி ஹாலில் பேனா பிடித்து உட்கார்ந்தால் எல்லாரும் ஜனநாயகவாதிதான். டீ இடைவேளையில் அந்தக் கரஸ்பாண்டன்ட் போனில் பேசியது காதில் விழுந்தது: "நான் வர்ற வரைக்கும் ஒருத்தரும் ஒண்ணும் செய்யக் கூடாது." இந்தக் கேள்வித்தாளுக்குச் செலவான ஒன்றரை மணி நேரம் வீண்.

அப்புறம் சூடு பிடித்தது. கர்ட் லெவின் என்ற உளவியலாளரும் அவரோடு இருந்த லிப்பிட், ஒயிட் இருவரும் அமெரிக்காவில் செய்து 1939இல் வெளியிட்ட ஆய்வைப் பயிற்சியாளர் கதை மாதிரி சொன்னார். பத்து வயதுப் பையன்களைச் சின்னச் சின்னக் குழுவாகப் பிரித்துக் கைவேலை கொடுத்திருக்கிறார்கள். ஒரு விதத் தலைவர் எல்லாவற்றையும் தானே உத்தரவு போடுவார். இன்னொருவர் பையன்களோடு பேசி முடிவெடுப்பார். மூன்றாமவர் எப்படியோ போங்கள் என்று விட்டுவிடுவார். விட்டுவிட்ட இடத்தில் வேலை குறைவு, விளையாட்டு அதிகம். உத்தரவு போட்ட இடத்தில் வேலை நன்றாகவே நடந்தது, ஆனால் தலைவர் அறையை விட்டு வெளியே போனதும் படுத்துவிட்டது. பேசி முடிவெடுத்த குழு மட்டும், ஆள் இல்லாவிட்டாலும் செய்துகொண்டிருந்தது.

எனக்கு அப்பா ஞாபகம் வந்துவிட்டது. அவர் வாசலில் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டால் மில்லே நிமிரும். அவர் கும்பகோணத்துக்குக் கல்யாணத்துக்குப் போனால் மில்லும் கல்யாணத்துக்குப் போய்விடும்.

மதியத்துக்கு மேல், டேனியல் கோல்மன் என்ற உளவியலாளர் 2000இல் எழுதிய ஆறு தலைமைப் பாணிகள். 3,871 மேலதிகாரிகளை வைத்துச் செய்த ஆய்வு. உத்தரவு போடுவது, இலக்கைக் காட்டி அழைத்துப் போவது, உறவைப் பேணுவது, கலந்து பேசுவது, தானே ஓடிக் காட்டுவது, சொல்லிக் கொடுத்து வளர்ப்பது. இதில் உத்தரவு போடுவதும் தானே ஓடிக் காட்டுவதும் வேலையிடத்தின் மனநிலையைக் கெடுக்கின்றன என்று அவர் சொல்கிறார். முதலாவது புரிகிறது. இரண்டாவதைக் கேட்டு எனக்குச் சுருக்கென்றது, ஏனென்றால் அது நான்தான். நெல் லாரி வந்தால், ஈரப்பதம் பார்க்கிற மாய்ஸ்சர் மீட்டரை நானே போய் வைப்பேன். 17 சதவீதத்தைத் தாண்டினால் விலையைக் குறைத்துப் பேச வேண்டும், அதையும் நானே பேசுவேன். வேறு யார் வைத்தாலும் எனக்குத் திருப்தி இருக்காது. விளைவு, நான் குளிக்கப் போனால்கூட லாரி வெளியே நிற்கும். இந்தப் பகுதியை முக்கால் மணி நேரத்தில் ஸ்லைடு ஸ்லைடாகத் தள்ளிவிட்டார்கள். அரை நாள் கொடுத்திருக்க வேண்டும்.

சாப்பாடு பரவாயில்லை. வத்தக்குழம்பு நன்றாக இருந்தது, மோர் நீர்.

கட்டிய காசு எனக்குத் திரும்பி வந்தது இரண்டாம் நாள் காலையில். ஹெர்சி, பிளான்சர்ட் என்ற இரண்டு நிர்வாகவியல் அறிஞர்கள் 1969இல் கொண்டுவந்த முறை. தலைவர் எந்த வகை என்று பார்க்காதே, எதிரே நிற்கிற ஆளுக்கு இந்த வேலை தெரியுமா, செய்ய மனசு இருக்கிறதா என்று பார் என்கிறார்கள். தெரியாதவனுக்கு இப்படிச் செய் என்று சொல். கொஞ்சம் தெரிந்தவனுக்கு ஏன் என்று விளக்கு. தெரிந்தும் தயங்குகிறவனோடு கலந்து பேசு. தெரிந்து துணிந்தவனிடம் விட்டுவிடு. ஒரே ஆளே ஒரு வேலையில் முதல் படியிலும் இன்னொரு வேலையில் நாலாம் படியிலும் இருப்பான்.

போன தாளடியில் நான் செய்த கூத்துக்கு அங்கேதான் பெயர் கிடைத்தது. மூட்டை அடுக்குவதில் கெட்டிக்காரப் பையன் ஒருவன். நம்பிக்கை வைத்தால் வளருவான் என்று எங்கேயோ படித்துவிட்டு, ஊறல் தொட்டியை அவனிடம் ஒப்படைத்து "உன் இஷ்டம்டா, நீயே பாத்துக்க" என்றேன். சுடுதண்ணியில் எத்தனை மணி நேரம் என்று அவன் கேட்கக் கூச்சப்பட்டான், எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. விடிய விடிய ஊறிப் புளித்து, அரிசியில் வாடை அடித்தது. நாலு டன் தீவனத்துக்குப் போனது. அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை, அது இன்னும் கொடுமை. அடுக்குவதில் நாலாம் படியில் நின்றவனைத் தொட்டியிலும் அங்கேயே நிற்கவைத்திருக்கிறேன்.

ஒன்று மட்டும் பயிற்சியாளர் சொல்லவில்லை. இந்த முறையைப் பின்னால் சோதித்துப் பார்த்தவர்களுக்குக் கிடைத்த ஆதரவு கலவையானது; புது ஆட்களிடம் நன்றாகப் பொருந்தியது, பழையவர்களிடம் அந்த அளவுக்கு இல்லை. இதைச் சொல்லியிருந்தால் மதிப்பு கூடியிருக்கும். உதாரணங்களும் எல்லாம் செல்போன் கம்பெனி, கிரிக்கெட் கேப்டன். கல்லணை பக்கத்தில்தானே இருக்கிறது? வெள்ளம் வரும்போது கொள்ளிடத்தில் ஷட்டரைத் தூக்க யாரும் கூட்டம் போட மாட்டார்கள், ஷட்டரைப் பார்த்துக்கொள்கிற லஸ்கருக்கு உத்தரவு, அவ்வளவுதான். தண்ணீர் குறைந்து முறை வைத்து விடும்போது அதே உத்தரவைப் போட்டுப் பாருங்கள், கடைமடையில் மறியல் நடக்கும். இதை நான் எழுந்து சொன்னேன். "சூப்பர் மேடம்" என்று கைதட்டிவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார்.

திரும்பி வந்து ஒரு மாதம் ஆகிறது. மாய்ஸ்சர் மீட்டரை மேஸ்திரி அண்ணனிடம் கொடுத்தேன். முதல் வாரம் அவர் வைத்த பிறகு நானும் ரகசியமாக ஒரு தடவை வைத்துப் பார்த்தேன், இப்போது இல்லை. தொட்டிப் பையனுக்கு நேரத்தைச் சுவரில் எழுதிக் கொடுத்து, ஒவ்வொரு ஈடும் கூட நின்று பார்க்கிறேன். பாய்லரில் மட்டும் எந்த மாற்றமும் இல்லை. கண்ணாடியில் தண்ணி மட்டம் இறங்கினால் மாமா போடுகிற சத்தத்துக்கு நான் உட்பட எல்லாரும் ஓடுவோம். அங்கே தலைவர் அவர்தான், சான்றிதழ் வைத்திருக்கிற ஆள்.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். பத்துப் பேருக்கு மேல் வைத்து வேலை வாங்குகிறவர்கள் போகலாம். ஒரே நாள்தான் ஒதுக்க முடியும் என்றால் இரண்டாம் நாள் மட்டும் விடுவார்களா என்று கேட்டுப் பாருங்கள், எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அடுத்த பேட்ச் ஜனவரியாம். சம்பா அறுப்பு! மேஸ்திரி அண்ணனை அனுப்பலாம் என்று கேட்டேன். "தமிழ்ல நடத்துறாங்களா பாப்பா?" என்றார். பாதி பாதி என்றேன். "அப்ப பாதி காசு கட்டு" என்று மீட்டரை எடுத்துக்கொண்டு லாரிக்குப் போய்விட்டார்.