காரப்பாக்கத்தில் சாலையின் எதிர்ப்புறம்

அம்மா வீட்டு மொட்டை மாடியில் நின்றால் ரத்தப் பரிசோதனை நிலையத்தின் பெயர்ப்பலகையைக் கண்ணாடி போடாமலே படிக்கலாம். நடுவில் இருப்பது சென்னையின் ஓ.எம்.ஆர். சாலை ஒன்றுதான். அந்தப் பலகையின் அடியில் போய் நிற்க எங்களுக்கு ஐம்பது நிமிடம் ஆயிற்று. பொங்கலுக்காகப் பத்தொன்பது நாள் ஊரில் இருந்தேன். சிங்கப்பூர் திரும்பி ஒரு வாரமாகியும் அந்த ஐம்பது நிமிடம் மட்டும் மனத்தை விட்டு இறங்கவில்லை.

அம்மாவுக்கு எழுபத்தாறு வயது. சர்க்கரை நோய் வந்து இருபது வருடம் ஆகிறது. வெறும் வயிற்றில் ஒரு முறை, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறை ரத்தம் கொடுக்க வேண்டும் என்பது வீட்டில் நோயாளி இருக்கும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். வீட்டுக்கே வந்து எடுப்பவரை முந்தின நாளே ஏற்பாடு செய்திருந்தேன். ஆறரைக்கு வர வேண்டியவர் எட்டு மணிக்கும் வரவில்லை. கேட்டால், யூ டர்ன் எடுக்கும் இடத்தில் நெரிசலில் நிற்பதாகச் சொன்னார். முந்தின இரவு ஏழரைக்குச் சாப்பிட்டவளுக்குக் கை லேசாக நடுங்கத் தொடங்கிவிட்டது. எதிர்ப்புறம்தானே, நாமே போய்விடலாம் என்று கிளம்பினோம்.

முன்பு எங்கள் தெரு முனைக்கு நேராகச் சாலைத் தடுப்பில் ஓர் இடைவெளி உண்டு. மெட்ரோ தூண்களுக்கான தகரத் தடுப்பு அதை மூடிவிட்டது. நடைமேம்பாலம் கால் மணி நேர நடையில் இருக்கிறது. அதன் லிஃப்ட் கதவில் சங்கிலி. மூட்டுத் தேய்ந்தவளை அத்தனை படி ஏறச் சொல்ல முடியாது. செயலியில் ஆட்டோ கேட்டேன். மூன்று பேர் வரிசையாகத் தொலைபேசியில் அழைத்து எங்கே போக வேண்டும் என்று விசாரித்து, எதிர்ப்புறம் என்றதும் ரத்து செய்தார்கள். நான்காவது ஆட்டோ வந்தது.

சாலையின் மேற்குப் பக்கத்தில் இருக்கிறோம் என்பதால் ஆட்டோ முதலில் வடக்கே துரைப்பாக்கம் நோக்கிப் போய், திரும்பி, மறுபடி தெற்கே வர வேண்டும். போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை ஒக்கியம் மடுவைக் கடந்தோம். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் தண்ணீர் இந்த மடுவு வழியாகத்தான் சாலைக்கு அடியில் புகுந்து பக்கிங்ஹாம் கால்வாயை அடைந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடலுக்குப் போகிறது. 2022இல் சதுப்பு நிலத்துக்கு, உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலம் என்ற ராம்சர் அங்கீகாரம் கிடைத்தபோது சிங்கப்பூரிலிருந்து அம்மாவை அழைத்துப் பெருமையாகச் சொன்னேன். "அந்தத் தண்ணீர் 2015 டிசம்பரில் நம் தெருவில்தானே நின்றது" என்றாள். தண்ணீருக்கும் இந்தச் சாலையைக் கடப்பது எளிதாக இல்லை.

இதைப் பழைய மகாபலிபுரம் சாலை என்று முழுப் பெயரில் சொல்லிய காலத்திலிருந்து எனக்குத் தெரியும். அப்பா 1996இல் காரப்பாக்கத்தில் மனை வாங்கியபோது உறவினர்கள் வருத்தப்பட்டார்கள். இரண்டு பஸ் மாறி வந்து இறங்கினால் சவுக்குத் தோப்பும் கிணறும்தான். தமிழக அரசு நிறுவனங்களான டிட்கோவும் எல்காட்டும் சேர்ந்து தரமணியில் கட்டிய டைடல் மென்பொருள் பூங்காவைப் பிரதமர் வாஜ்பாய் 2000 ஜூலை 4 அன்று திறந்துவைத்தார். அந்த நாளிதழை அப்பா வெகுநாள் எடுத்து வைத்திருந்தார். மறு வருடம் எனக்கு முதல் வேலை கிடைத்ததும் அந்தப் பக்கத்தில்தான். பிறகு தரமணியில் தொடங்கிய வளர்ச்சி சிறுசேரியின் சிப்காட் மென்பொருள் பூங்கா வரை ஓடியது. மத்திய கைலாஷிலிருந்து இருபது கிலோமீட்டர், ஆறு தடம், ராஜீவ் காந்தி சாலை என்று பெயர். வயல் இருந்த இடத்தில் கண்ணாடிக் கட்டடம் எழுந்தது. என்னைப் போல ஆயிரக்கணக்கானோர் குடும்பத்தைக் கரையேற்றியது இந்தச் சாலை. அந்த நன்றி எனக்குக் கடைசிவரை இருக்கும்.

ஆனால் இதை வடிவமைத்தவர்கள் காரில் வேகமாகப் போகிறவரை மட்டுமே மனத்தில் வைத்தார்கள். இரு கரையிலும் குடியிருக்கிறவர்கள் அவர்கள் கணக்கில் வரவில்லை. 2011இல் காரப்பாக்கம் மாநகராட்சியோடு சேர்ந்தது. அம்மா குடியிருக்கும் அடுக்ககத்துக்கு இன்றும் லாரித் தண்ணீர்தான். சுங்கக் கட்டணத்துக்கு எதிராக இந்தப் பகுதி மக்கள் வருடக்கணக்கில் குரல் கொடுத்தார்கள். 2021இல் நான்கு சாவடிகளிலும், 2023 அக்டோபரில் நாவலூரிலும் வசூல் நின்றது. மாதவரத்திலிருந்து சிறுசேரி வரை 45 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் மெட்ரோ வந்தால் நிலைமை மாறும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நானும் நம்புகிறேன். அதுவரை எழுபத்தாறு வயதுக்காரி எந்த வழியில் போவாள்?

சிங்கப்பூரில் என் அடுக்ககத்தின் கீழே இருக்கும் சிக்னலில் முதியவர்கள் தங்கள் அட்டையை ஒரு பெட்டியில் காட்டினால், பச்சை விளக்கு சில விநாடி கூடுதலாக எரியும். 2009இல் தொடங்கிய ஏற்பாடு. ராக்கெட் விடுகிற நாட்டுக்கு இது ஒரு பெரிய வேலையே இல்லை. போன வருடம் அம்மா அங்கே வந்திருந்தபோது காய்கறி வாங்கும் சாக்கில் தினமும் இரண்டு முறை சாலையைக் கடந்தாள். நடப்பதற்காகப் போகிறாள் என்று நினைத்திருந்தேன்.

பரிசோதனை நிலையத்தில் வேலை ஏழு நிமிடத்தில் முடிந்தது. ஊசி போட்ட பெண்ணின் கை பூப்போல இருந்ததாக அம்மா சொன்னாள். திரும்பும்போது ஆட்டோ தெற்கே சோழிங்கநல்லூர் பக்கம் போய் வளைந்து வர வேண்டும். பதினைந்து நிமிடம் ஓரத்தில் நின்றோம். கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன.

அப்போது ஷேர் ஆட்டோவிலிருந்து நான்கு பெண்கள் இறங்கினார்கள். நீலச் சீருடை, கையில் சாப்பாட்டுக் கூடை. கண்ணகி நகரிலிருந்து வருகிறார்கள், எங்கள் பக்கத்து அலுவலகம் ஒன்றில் ஹவுஸ்கீப்பிங் வேலை. ஒருத்தி அம்மாவைப் பார்த்து, "அந்தப் பக்கம் போக வேண்டுமா ஆயா? என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்றாள். தகரத் தடுப்பில் இரண்டு பலகைகளுக்கு நடுவே ஓர் ஆள் நுழையும் சந்து இருந்தது. அவர்களுக்கு அது தினசரி வழி. இருவர் முன்னால் கையை உயர்த்திக்கொண்டு நடக்க, ஒருத்தி அம்மாவின் தோளை அணைத்துக்கொள்ள, நான்காமவள் என்னைப் பார்த்து, "சார், ஓடாதீர்கள், ஓடினால் வண்டிக்காரன் நிறுத்த மாட்டான்" என்றாள். ஒரு பஸ் நின்றது. அதன் பின்னால் எல்லாம் நின்றன. எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. அம்மா சிரித்துக்கொண்டே வந்தாள்.

தெரு முனையில் விட்டுவிட்டுத் தாமதமாகிறது என்று அவர்கள் விரைந்து போனார்கள். வீடுகளை ஆற்றங்கரையிலிருந்து பெயர்த்து நகரத்தின் விளிம்பில் கொண்டுவந்து வைத்த மக்கள். வேலைக்குப் போக, திரும்பி வர என்று தினமும் இரண்டு முறை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இதைத் தாண்டுகிறார்கள். நன்றி சொன்னேனா என்பதுகூட நினைவில்லை. அடுத்த நாள் அதே நேரத்தில் அங்கே போய் நின்று பார்த்தேன். அவர்கள் தென்படவில்லை.

இட்லி சாப்பிட்டுவிட்டு அம்மா படுத்துக்கொண்டாள். அடுத்த ரத்தம் கொடுக்கும் நேரம் எப்போது என்று பார்க்க அவளுடைய மருத்துவக் கோப்பை எடுத்தேன். போன வருடத்து முடிவுகள் ஐந்து இருந்தன. ஐந்திலும் வெறும் வயிற்றுக் கணக்கு மட்டும் இருந்தது. சாப்பிட்ட பிறகு எடுக்க வேண்டியதற்கான கட்டம் காலியாக இருந்தது. அந்தத் தகரம் வந்த காலமும் அதுவும் ஒன்று. எழுப்பிக் கேட்டேன்.

"ஒரே நாளில் இரண்டு தடவையா, யாரைக் கூப்பிடுவது?" என்றாள்.

பதினொரு மணிக்கே கிளம்பினோம். தெருவில் போன ஆட்டோக்காரர் இருநூறு ரூபாய் கேட்டார். பேரம் பேசாமல் ஏறினோம். ஒக்கியம் மடுவை அன்று மூன்றாவது முறையும் நான்காவது முறையும் கடந்தோம்.