பிஸ்டல் பிரைமரா, ரைபிள் பிரைமரா?

டெக்சாஸில் 9 மி.மீ. தோட்டாவைத் தானே ரீலோட் செய்யும் (சுட்ட தோட்டாக் கூட்டை மறுபடி நிரப்பும்) எங்க மச்சான், லீவுக்குப் பாளையங்கோட்டை வந்தால் இதைத்தான் பேசுவார்: ஸ்மால் பிஸ்டல் பிரைமர் (தோட்டாவின் அடிக்குழியில் உட்கார்ந்து, ஊசி குத்தினதும் பற்றி வெடிமருந்தைக் கொளுத்தும் சின்ன மூடி) கிடைக்காவிட்டால் ஸ்மால் ரைபிள் பிரைமர் போடலாமா? (இங்கே லைசென்ஸ் இல்லாமல் தோட்டா செய்வது 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம். நமக்கு இது திண்ணைப் பேச்சு மட்டும்.)

இரண்டுக்கும் விட்டம் 0.175 அங்குலம்தான், குழியில் கச்சிதமாக உட்காரும். வித்தியாசம் மேல்தகட்டில். பிஸ்டல் பிரைமரின் தகடு மெலிசு, லேசான அடிக்கே பற்றிக்கொள்ளும். ரைபிளுடையது தடிமன். ஊசியை அடிக்கும் ஸ்பிரிங்கை இளக்கிய பிஸ்டலில் ஊசி குத்தின தடம் மட்டும் விழும், வெடிக்காது. கோவில்பட்டித் தீக்குச்சியை நமுத்த பெட்டியில் உரசின கதைதான். ஆனால் அழுத்தம் அதிகமான தோட்டாவில் அதே தடிமன்தான் தகடு கிழியாமல் காக்கும். அப்புறம், ரைபிள் பிரைமர் பலவற்றுக்குச் சூடும் கூடுதல். மாற்றினால் ரீலோடிங் கையேட்டின் ஆரம்ப அளவுக்கு வெடிமருந்தை இறக்கித்தான் தொடங்க வேண்டும்.

பெரிய குழிக்கான லார்ஜ் பிரைமரில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. ரைபிளுடையது உயரம் கூட. பிஸ்டல் தோட்டாவின் குழியை விட்டுத் துருத்தி நிற்கும், பூட்டும்போதே வெடித்துவிடலாம்.

பிஸ்டலுக்குப் பிஸ்டல் பிரைமர்தான், கிடைக்கிறவரை சும்மா இருக்கலாம் என்பது என் கட்சி. மச்சான் ஒத்துக்கொள்ளவில்லை.